பத்தாயிரம் ரூபாய் ஜாமீன்

(டாக்குரியாவில் தமிழன்பர்கள் கூடிய மாலைக் கூட்டத்தில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



டாக்குரியா நிலையத்தில் சியால்தா போகும் ரயிலில் ஏறினால் அடுத்த நிறுத்தம் பாலிகஞ்ச். அந்தப் பக்கத்தில் அஷ்ரஃப் மிஸ்திரி லேன் என்று ஒரு சந்து இருக்கிறது. அங்கே ஐந்தாம் எண் வீட்டில்தான் மௌலானா அபுல் கலாம் ஆசாத் குடியிருந்தார். இப்போது அது அருங்காட்சியகம். கூட்டம் தொடங்குமுன் இங்கே சிலரிடம் அந்த வீட்டுக்குப் போயிருக்கிறீர்களா என்று கேட்டுப் பார்த்தேன். இந்தப் பகுதியிலேயே நாற்பது ஆண்டுகளாக இருப்பவர்கள்கூட இல்லை என்றார்கள். எனக்கு மனம் வலித்தது. அதனால் அந்த வீட்டிலிருந்தே பேச்சைத் தொடங்குகிறேன்.

அரபுப் பத்திரிகைகளில் வந்த ஏகாதிபத்திய எதிர்ப்பை ஆங்கில அதிகாரிகள் எப்படி எதிர்கொண்டார்கள் என்பது எனக்குக் கொடுத்திருக்கும் தலைப்பு. கெய்ரோவுக்கும் இஸ்தான்புல்லுக்கும் உரிய தலைப்பு இது, கல்கத்தாத் தமிழருக்கு இதில் என்ன இருக்கிறது என்று உங்களில் சிலர் நினைக்கலாம். இந்தக் கதையில் பாதி நடந்ததே இந்த ஊரில்தான். அதில் தமிழும் ஓரிரு இடத்தில் வருகிறது.

1882-ஆம் ஆண்டுக்குப் போவோம். அந்த ஆண்டு எகிப்தில் அகமது உராபி பாஷாவின் தலைமையில் கிளர்ச்சி. செப்டம்பர் 13 அன்று தெல்-எல்-கபீர் என்ற இடத்தில் ஆங்கிலப் படை உராபியைத் தோற்கடித்து எகிப்தைப் பிடித்தது. அந்தச் சண்டை முடியும்வரை ஒரு மனிதரைக் கல்கத்தாவை விட்டு நகரவிடாமல் வைத்திருந்தார்கள். ஜமாலுத்தீன் ஆப்கானி என்பது அவர் பெயர். எகிப்திலிருந்து 1879-இல் வெளியேற்றப்பட்டு, ஹைதராபாத்தில் தங்கிவிட்டு இங்கே வந்தவர். 1882 நவம்பரில் ஆல்பர்ட் ஹாலில் கல்வியைப் பற்றி ஒரு சொற்பொழிவு செய்தார். ஆல்பர்ட் ஹால் எது தெரியுமா? கல்லூரித் தெருவில் நீங்கள் எல்லோரும் காபி குடிக்கும் அதே காபி ஹவுஸ்.

இங்கிருந்து விடுபட்டதும் அவர் லண்டன் வழியாகப் பாரீஸ் போனார். அங்கே தம் சீடர் முகம்மது அப்துஹுவுடன் சேர்ந்து 1884 மார்ச்சில் ஓர் அரபு இதழைத் தொடங்கினார். 'அல்-உர்வத்துல் வுஸ்கா', அதாவது உறுதியான கயிறு. எகிப்தில் நடந்ததையும் இந்தியாவில் நடப்பதையும் ஒரே பேனாவால் எழுதிய இதழ் அது. பணம் வாங்காமலே வாசகர்களுக்கு அனுப்பினார்கள். எகிப்திலும் இந்தியாவிலும் அதை உள்ளே விடக்கூடாது என்று ஆங்கிலேயர் தடுத்தார்கள். மொத்தம் 18 இதழ்கள். அக்டோபரில் நின்றுவிட்டது. எட்டு மாதம்கூட முழுதாக நடக்கவில்லை. ஆனால் அந்தப் பதினெட்டைக் கையால் படியெடுத்துப் படித்த ஒரு தலைமுறை வளர்ந்தது. சிரியாவில் ரஷீத் ரிதா என்ற இளைஞர் தம் தந்தையின் தாள்களுக்கிடையே பழைய பிரதிகளைக் கண்டெடுத்துப் படித்தார். பிறகு கெய்ரோ போய் 1898-இல் 'அல்-மனார்' இதழைத் தொடங்கினார். அதற்கு இந்தியாவிலும் சந்தாதாரர்கள் இருந்தார்கள்.

தோற்ற உராபியை என்ன செய்தார்கள்? கப்பலேற்றி இலங்கைக்கு அனுப்பினார்கள். 1883 ஜனவரியில் கொழும்பில் வந்திறங்கினார். அவர் வருவதற்குச் சில வாரம் முன்புதான் சித்திலெப்பை 'முஸ்லிம் நேசன்' என்ற தமிழ் இதழைத் தொடங்கியிருந்தார். எகிப்தில் கொந்தளிப்பை உண்டாக்கியவரை அரபு மண்ணிலிருந்து பெயர்த்தெடுத்துத் தமிழ் பேசும் முஸ்லிம்களின் நடுவே நட்டுவிட்டார்கள். 1892-இல் கொழும்பில் ஸாஹிரா மதரஸா தொடங்கியபோது உராபி பாஷாவே அதன் புரவலர். இன்றைய ஸாஹிராக் கல்லூரி அதுதான். 1901-இல்தான் அவர் ஊர் திரும்பினார். அந்த 18 ஆண்டுகளும் எகிப்தின் செய்தி எங்கள் சகோதரர்களின் வீட்டுத் திண்ணையில் தமிழிலேயே பேசப்பட்டது. அதிகாரிகள் நினைத்ததற்கு நேர் எதிர் இது.

சரி, சட்டத்துக்கு வருகிறேன். இதில் இரண்டு தேதிகளை நீங்கள் நினைவில் வைக்க வேண்டும். 1909 மார்ச் 25, 1910 பிப்ரவரி. முதல் தேதியில் எகிப்து அரசு, கிடப்பில் இருந்த 1881-ஆம் ஆண்டுப் பத்திரிகைச் சட்டத்தைத் தூசி தட்டி எடுத்தது. எச்சரிக்கை கொடுத்துப் பத்திரிகையை மூட, வழக்கு மன்றம் போகத் தேவையில்லை. அமைச்சகம் நினைத்தால் போதும். 1906-இல் தின்ஷவாய் என்ற சிற்றூரில் ஆங்கில அதிகாரிகள் புறா சுடப் போய் வந்த சண்டைக்காகக் கிராமத்தார் நால்வரைத் தூக்கிலிட்டார்கள். அதைத் தம் 'அல்-லிவா' நாளிதழில் விடாமல் எழுதியவர் முஸ்தஃபா காமில். அவர் எழுப்பிய அலையை அடக்கத்தான் அந்தப் பழைய சட்டம் உயிர்பெற்றது. இரண்டாம் தேதியில் இந்தியாவில் புதிய பத்திரிகைச் சட்டம் வந்தது. பதினொரு மாத இடைவெளி. ஒரே சாம்ராஜ்யம் இரண்டு மூலையில் ஒரே பூட்டை மாட்டியது.

இந்தியச் சட்டம் வேறு வழியில் போனது. அது பணத்தின் மேல் கை வைத்தது. புதிதாக அச்சகம் வைப்பவர் 500 ரூபாயிலிருந்து 2,000 ரூபாய் வரை மாஜிஸ்திரேட் கேட்கும் ஜாமீனைக் கட்ட வேண்டும். அரசுக்குப் பிடிக்காததை அச்சிட்டால் ஜாமீன் பறிபோகும். மறுபடி அச்சகம் நடத்த 1,000 முதல் 10,000 வரை கட்ட வேண்டும். அதுவும் பறிபோனால் அச்சு எந்திரமே போய்விடும். ஆசிரியரைச் சிறைக்கு அனுப்பினால் ஊர் அவரைத் தியாகி என்று கொண்டாடும். கடனில் மூழ்கடித்தால் சத்தமில்லாமல் மூடிக்கொண்டு போவார். அதுதான் கணக்கு.

நம் பாரதியாரின் 'இந்தியா' பத்திரிகையை நினைத்துப் பாருங்கள். 1908-இல் சென்னையில் பதிவு பெற்ற ஆசிரியர் சிறைக்குப் போனபின், பத்திரிகை புதுச்சேரிக்குப் போய் வந்துகொண்டிருந்தது. பிரெஞ்சு எல்லைக்குள் ஆங்கிலச் சட்டம் செல்லாது. அதனால் பிரிட்டிஷ் இந்தியாவுக்குள் பத்திரிகை வரும் வழியை அடைத்தார்கள். 1910 மார்ச்சில் 'இந்தியா' நின்றது. ஆசிரியரைத் தொட முடியாத இடத்தில் தபால் பையைத் தொடுவது வழக்கமாகிவிட்டது. பாரீசிலிருந்து வந்த அரபு இதழுக்கும் புதுச்சேரியிலிருந்து வந்த தமிழ் இதழுக்கும் ஒரே மருந்து.

இனி ஆசாத்தைப் பார்ப்போம். 1888-இல் மக்காவில் பிறந்தவர். அம்மா அரபுப் பெண்மணி. வீட்டுப் பேச்சு அரபு. சிறுவயதிலேயே குடும்பம் கல்கத்தா வந்துவிட்டது. இருபது வயதில் இராக், சிரியா, எகிப்து, துருக்கி என்று சுற்றி வந்தார். கெய்ரோவில் முஸ்தஃபா காமிலின் வழிவந்தவர்களைச் சந்தித்தார். இந்திய முஸ்லிம்கள் ஏன் ஆங்கில ஆட்சியின் பின்னால் நிற்கிறார்கள் என்று அவர்கள் வியந்து கேட்டதாகப் பின்னாளில் எழுதியிருக்கிறார். 1912-இல் ரஷீத் ரிதா லக்னோ வந்தபோது அவருடைய அரபுப் பேச்சை மேடையிலேயே உருதுவில் சொன்னவர் ஆசாத்தான். அதே ஆண்டு ஜூலை 13 அன்று கல்கத்தாவிலிருந்து 'அல்-ஹிலால்' வார இதழ் வந்தது. பெயர் அரபு, பிறை என்று பொருள். மொழி உருது, ஆனால் அரபு தோய்ந்த உருது. அப்போது உருதுப் பத்திரிகைகள் பெரும்பாலும் கல்லச்சில் வரும். ஆசாத் அதை விட்டு எழுத்துக்கோத்து அச்சிட்டார். இத்தாலி தொடுத்த திரிப்போலிப் போரின் புகைப்படங்களைப் போட்டார். இரண்டே ஆண்டில் வாரத்துக்கு 26,000 பிரதி என்று அவரே சொல்கிறார். அன்றைக்கு உருது இதழுக்கு அது கனவில் காணும் எண்ணிக்கை.

அந்த வாசகன் யார் என்று நாம் கேட்க வேண்டும். 1911-இல் இத்தாலி திரிப்போலியைப் பிடித்தது. அதே ஆண்டு டிசம்பரில் வங்கப் பிரிவினையை ரத்து செய்தார்கள். கிழக்கு வங்க முஸ்லிம்களுக்குக் கொடுத்த வாக்கு காற்றில் போனது. 1912-இல் பால்கன் போர். 1913 ஆகஸ்டில் கான்பூரில் சாலைக்காகப் பள்ளிவாசலின் ஒரு பகுதியை இடித்ததை எதிர்த்துக் கூடியவர்கள்மேல் போலீஸ் சுட்டது. இத்தனையும் இரண்டு ஆண்டுக்குள். இப்படி அடிபட்டவன் கையில் 'அல்-ஹிலால்' கிடைத்தால் படிக்காமல் என்ன செய்வான்? எழுத்துத் தெரியாதவன் படிக்கத் தெரிந்தவனைச் சுற்றி உட்கார்ந்து கேட்டான். துரைகளின் அலுவலகத்தில் வேறு கேள்வி ஓடியது. இதற்கு யார் பணம் கொடுக்கிறார்கள்? இஸ்தான்புல்லா? பெர்லினா? எந்தக் கப்பலில் வருகிறது? எவன் கொண்டுவருகிறான்? அனுப்புகிறவனைத் தேடினார்கள். வாங்கிப் படிக்கிறவன் ஏன் வாங்கிப் படிக்கிறான் என்பதற்கு ஒரு கோப்பும் திறக்கவில்லை. என் பேச்சில் நான் சொல்ல வந்தது இந்த ஒன்றுதான்.

1910 சட்டம் எவ்வளவு விரிந்தது என்பதற்கு ஒரு சாட்சி கல்கத்தா உயர்நீதிமன்றத்தில் இருக்கிறது. பத்திரிகையாளர் முகம்மது அலி 1911-இல் இந்த ஊரில் 'காம்ரேட்' என்ற ஆங்கில வார இதழைத் தொடங்கி, மறு ஆண்டு அதை டெல்லிக்குக் கொண்டுபோனார். பால்கன் போரில் மாசிடோனிய முஸ்லிம்கள் பட்ட கொடுமையைச் சொல்லும் ஒரு சிறு வெளியீடு துருக்கியிலிருந்து அவருக்கு வந்தது. ஆங்கிலத்தில் இருந்தது. இங்கிலாந்தே, வந்து உதவு என்று இங்கிலாந்தைப் பார்த்துக் கெஞ்சுவது அது. வங்க அரசு அதைப் பறிமுதல் செய்தது. முகம்மது அலி 1913-இல் உயர்நீதிமன்றம் போனார். தலைமை நீதிபதி சர் லாரன்ஸ் ஜென்கின்ஸ் உட்பட மூன்று நீதிபதிகள் விசாரித்தார்கள். ஜென்கின்ஸ் நேர்மையான மனிதர். அரசு எதிர்ப்பு நோக்கம் அதில் இல்லை என்று ஏற்றார். அரசின் ஆணையில் குறை இருக்கிறது என்றும் கண்டார். ஆனால் சட்டத்தின் சொற்கள் எல்லையில்லாமல் விரிந்திருக்கின்றன. சிறந்த இலக்கியம் என்று நாம் போற்றும் நூல்கள்கூட இந்த வலையில் சிக்கும். இந்த எழுத்தால் யார் மனத்திலும் வெறுப்பு உண்டாகவே உண்டாகாது என்று நிரூபிக்கும் பாரம் மனுதாரர் தலையில் இருக்கிறது. நீதிமன்றத்தால் செய்யக்கூடியது ஒன்றுமில்லை என்று வெளிப்படையாக எழுதினார். மனு தள்ளுபடியானது. நீதிபதியின் கையையே கட்டிப்போட்ட சட்டம் என்று அவரே பதிவு செய்துவிட்டுப் போனார். அந்தத் தீர்ப்பைச் சட்டம் படிக்கும் பிள்ளைகள் தேடிப் படிக்க வேண்டும்.

கான்பூரைப் பற்றி எழுதியதற்காக 1913 செப்டம்பரில் 'அல்-ஹிலால்' 2,000 ரூபாய் ஜாமீன் கட்டியது. மறு ஆண்டு உலகப் போர். செப்டம்பர் 22 இரவு ஜெர்மானியக் கப்பல் எம்டன் சென்னைத் துறைமுகத்தின்மேல் குண்டு வீசியது. நம் பாட்டிமார் அந்தக் கதையை நமக்குச் சொல்லியிருக்கிறார்கள். நவம்பர் 5 அன்று பிரிட்டன் துருக்கியின்மேல் போர் அறிவித்தது. அலகாபாத்தின் 'பயனீர்' என்ற ஆங்கிலேயர் பத்திரிகை, கல்கத்தாவில் ஜெர்மனிக்கு ஆதரவாக ஒரு பத்திரிகை எழுதுகிறது என்று விரல் நீட்டியது. கட்டிய 2,000 பறிபோனது. புதிதாக 10,000 கேட்டார்கள். சட்டம் அனுமதித்த உச்சத் தொகை அது. நவம்பர் 18 இதழோடு 'அல்-ஹிலால்' நின்றது.

அதே ஆண்டு இஸ்தான்புல்லில் 'ஜஹான்-இ-இஸ்லாம்' என்று ஒரு பத்திரிகை தொடங்கியிருந்தது. அரபு, துருக்கி, உருது மூன்றும் ஒரே தாளில். உருதுப் பகுதியை எழுதியவர் பஞ்சாப்காரர் ஒருவர். 1914 ஆகஸ்டில் கடல் சுங்கச் சட்டத்தின்கீழ் அதை இந்தியாவுக்குள் வராமல் தடுத்தார்கள். பட்டுக்கும் சர்க்கரைக்கும் வரி போட வந்த சட்டம் செய்தித்தாளைத் தடுக்கும் சட்டமானது. ராஜத்துரோகச் செயல்களை ஆராய அரசு அமைத்த ரௌலட் குழுவின் அறிக்கையில் இந்தப் பத்திரிகையைப் பற்றி விரிவாக இருக்கிறது. எங்கே அச்சானது, யார் எழுதினார், எப்படி வந்தது என்று எல்லாம் இருக்கிறது. படித்தவன் மனத்தில் என்ன இருந்தது என்று தேடினால் அங்கேயும் கிடைக்காது.

தடுத்தது போதாது என்று தாங்களும் எழுதத் தொடங்கினார்கள். கெய்ரோவில் ஆங்கிலேயரின் அரபுப் பிரிவு 'அல்-கவ்கப்' என்ற அரபு இதழை நடத்தியது. மக்காவில் 1916-இல் அந்நகர ஆட்சியாளர் ஷரீப் உசேனின் 'அல்-கிப்லா' ஆங்கிலேய ஆதரவோடு வந்தது. லண்டனில் வெலிங்டன் ஹவுஸ் என்ற பிரசார அலுவலகம் 'அல்-ஹகீகத்' என்று படங்கள் நிறைந்த இதழை அரபு, பாரசீகம், துருக்கி, உருது நான்கிலும் அச்சிட்டது. உண்மை என்று பொருள். அதன் தோழியாக இந்திய மொழிகளுக்கு 'சத்யவாணி'. அது தமிழிலும் வந்தது. அழகான தாள், அருமையான படங்கள். ஆனால் கான்பூரில் மகனை இழந்தவனுக்கு அதில் ஒரு வரி கிடையாது.

1915 நவம்பரில் ஆசாத் 'அல்-பலாக்' என்று வேறு பெயரில் இதழ் தொடங்கினார். 1916 வசந்தத்தில் வங்கத்தை விட்டே வெளியேறு என்று ஆணை வந்தது. பஞ்சாப், டெல்லி, ஐக்கிய மாகாணம், பம்பாய் எல்லாம் முன்பே கதவை அடைத்துவிட்டன. அன்று பீகாரில் இருந்த ராஞ்சிக்குப் போனார். அங்கே காவலில் வைத்தார்கள். 1920 புத்தாண்டு நாளில்தான் விடுதலை.

ராஞ்சியில் நடந்த ஒன்றைச் சொல்லும்போது எனக்கு ஒவ்வொரு முறையும் தொண்டை அடைக்கிறது. அவர் குர்ஆனை உருதுவில் மொழிபெயர்த்துக்கொண்டிருந்தார். வீட்டைச் சோதனையிட்ட போலீசார் அந்தக் கையெழுத்துத் தாள்களையும் எடுத்துக்கொண்டு போனார்கள். வேதத்தின் மொழிபெயர்ப்பில் சதியைத் தேடினார்கள். அவர் மறுபடி முதலிலிருந்து எழுதினார். 1921-இல் கல்கத்தாவில் கைதானபோது மறுபடி சோதனை. அச்சுக்குத் தயாரான தாள்கள் போயின. பின்பு திரும்பி வந்தபோது குலைந்தும் கிழிந்தும் இருந்தன. பல ஆண்டு மனம் ஒடிந்து அதைத் தொடவில்லை. பின்னர் மூன்றாம் முறையாக உட்கார்ந்து எழுதினார். அதுதான் இன்று 'தர்ஜுமானுல் குர்ஆன்' என்று நம் கையில் இருக்கிறது. எழுதுகிறவர்கள் இந்த அவையில் சிலர் இருக்கிறீர்கள். ஒரு பக்கம் தொலைந்தாலே நமக்கு இரண்டு நாள் சோறு இறங்காது.

அந்த 1921 வழக்குக்கு வருகிறேன். அந்த ஜூலையில் கல்கத்தாவின் மிர்ஸாபூர் பூங்காவில் அவர் பேசிய இரண்டு பேச்சுகள்மேல் ராஜத்துரோக வழக்கு, 124-ஏ பிரிவு. அரசின் சுருக்கெழுத்தாளர் எடுத்த குறிப்புகளை நீதிமன்றத்தில் வைத்தார்கள். ஆசாத் எழுத்து வாக்குமூலத்தில் என்ன சொன்னார் தெரியுமா? இந்தக் குறிப்புகள் குறைபட்டவை, சிதைந்தவை, பல இடத்தில் பொருளே இல்லாதவை என்றார். ஆனாலும் பொறுப்பை மறுக்கவில்லை. அரசு அநீதியானது என்று சொன்னேன், சொல்வது என் கடமை, இதற்கும் மேலேயே சொல்லியிருப்பேன் என்று ஒப்புக்கொண்டார். மொழி புரியாத ஆட்சிக்கு அவரே உதவி செய்து தம்மைக் குற்றவாளி ஆக்கிக்கொண்டார். 1922 பிப்ரவரி 9 அன்று ஓராண்டுக் கடுங்காவல் விதித்தார்கள். அந்த வாக்குமூலம் 'கௌலே ஃபைஸல்' என்ற பெயரில் நூலாக வந்தது.

1923-இல் விடுதலையான அவர் அதே ஆண்டு ஏப்ரலில், இந்தக் கல்கத்தாவிலிருந்து 'அல்-ஜாமிஆ' என்ற இதழைக் கொண்டுவந்தார். இம்முறை அரபிலேயே. கூட இருந்து ஆசிரியப் பணி செய்த அப்துர் ரஸ்ஸாக் மலீஹாபாதி, கெய்ரோவில் ரஷீத் ரிதாவின் பள்ளியில் படித்தவர். எட்டுத் திசையிலிருந்தும் அரபுத் தாள் உள்ளே வராமல் நாற்பது ஆண்டு காவல் காத்தார்கள். கடைசியில் அரபுத் தாள் கல்கத்தாவிலிருந்தே அரபு நாடுகளுக்குப் போனது. அது ஓராண்டு போல நடந்தது.

இத்தனையையும் நமக்கு எப்படித் தெரிகிறது என்று ஓர் இளைஞர் கேட்டார். நல்ல கேள்வி. அரசு வாரந்தோறும் நாட்டுமொழிப் பத்திரிகைகளிலிருந்து பகுதிகளை ஆங்கிலத்தில் பெயர்த்து இரகசிய அறிக்கையாக அச்சிட்டு வைத்தது. வங்கத்துக்கு ஒன்று, சென்னைக்கு ஒன்று. அந்தக் காலத்துச் சிறு பத்திரிகைகள் பலவற்றின் மூலப் பிரதி இன்று எங்குமே இல்லை. அந்த அறிக்கையில் வரும் நாலு வரிதான் மிச்சம். அவர்கள் தேர்ந்தெடுத்த நாலு வரி, அவர்கள் ஆங்கிலம். நம் தாத்தாக்கள் எழுதியதை அவர்களைக் கண்காணித்தவர்களின் கையிலிருந்து வாங்கிப் படிக்கும் நிலையில் இருக்கிறோம்.

ஆகையால் உங்களிடம் ஒரு வேண்டுகோள். காயல்பட்டினம், கீழக்கரை, நாகூர், கொழும்பு என்று எந்த ஊரிலிருந்து வந்த குடும்பமானாலும், பரணில் பழைய தாள் கட்டு இருந்தால் அதை எடைக்குப் போடாதீர்கள். அரபு எழுத்தில் இருக்கிறது, என்னவென்று தெரியவில்லை என்று ஒதுக்காதீர்கள். அது அரபுத்தமிழாக இருக்கலாம், வாய்விட்டுப் படித்தால் நம் தமிழாகவே இருக்கும். ஒரு நல்ல நூலகத்தில் கொடுங்கள். அடுத்த வாரம் பாலிகஞ்சில் இறங்கி அந்த ஐந்தாம் எண் வீட்டுக்கும் ஒருமுறை போய் வாருங்கள். பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு போங்கள்.